நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம்... நினைவு அறுந்தால்? - ஆரணி பட்டுத் தெருக்களில் ஒரு பயணம்

வேலூரில் ஆரணிப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் பயணம் சுகமாகத்தான் இருக்கும். பாகாயம், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் அடுக்கம்பாறை, கணியம்பாடி, கண்ணமங்கலம் என்று ஊர்கள் வரிசையாக வந்து போகும். இரண்டு பக்கமும் நெல்வயல், இடையிடையே கரும்பு, தூரத்தில் மலைத்தொடர். வழியில் வரும் கணியம்பாடி என்ற பெயரை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் நடுவில் அந்த ஊருக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது.

ரயிலில் வருபவர்களுக்கு விழுப்புரம் - காட்பாடி பாதையில் 'ஆரணி ரோடு' நிலையம் உண்டு. ஆனால் அது இருப்பது களம்பூரில். பொன்னி அரிசிக்குப் பெயர்போன அந்த ஊரில் இறங்கி, பேருந்து பிடித்துத்தான் ஆரணிக்கு வர வேண்டும்.

ஆற்றுக்கு அணியாக அமைந்த ஊர் என்பதால் 'ஆரணி' என்று ஊர்க்காரர்கள் பெயர்க்காரணம் சொல்வார்கள். அந்த ஆறு, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நாக நதி. மழைக்காலம் போக மற்ற நாள்களில் பெரும்பாலும் மணல்தான். கரையில் புத்திர காமேட்டீஸ்வரர் கோயில். தசரதர் பிள்ளை வரம் வேண்டி யாகம் செய்த இடம் என்கிறது தலபுராணம். குழந்தைக்காக வேண்டிக்கொள்ள இன்றைக்கும் தம்பதிகள் வருகிறார்கள்.

ஊருக்குள் ஒரு கோட்டை. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படையும், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையும் மோதியது இந்த ஆரணியில்தான். ஜாகீர்தார்கள் ஆண்ட காலத்தின் மிச்சமாக சத்திய விஜய நகரத்தில் ஒரு அரண்மனையும், பூசிமலைக்குப்பத்தில் சிதைந்துபோன ஒரு மாளிகையும் நிற்கின்றன. பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஆரணியை ஆரணியாக்குவது கோட்டையோ அரண்மனையோ அல்ல. காலையில் தெருவுக்குள் நுழைந்ததுமே காதில் விழும் 'டக்... டக்...' சத்தம்.

தறியோடு குடித்தனம்

ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு... இந்த வட்டாரம் முழுக்கப் பட்டு நெசவுதான். காஞ்சிபுரம் சேலையைவிட எடை குறைவாக, உடுத்த லேசாக இருக்கும் என்பது ஆரணிப் பட்டுக்கு உள்ள பெயர். புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆனால் கைகள் ஆரணியுடையவை.

இங்கே பல வீடுகளில் தறிக்கென்று தனி இடம் கிடையாது. கூடத்திலேயே தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்கிற குழித்தறி. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள்தான் எந்த இடத்தில் மயில், எந்த இடத்தில் மாங்காய் என்று தறிக்குச் சொல்கின்றன.

நெசவு ஒருவர் வேலை அல்ல. ஒருவர் தறியில் உட்கார்ந்தால், இன்னொருவர் தார் சுற்ற வேண்டும். காலை வெயில் ஏறும் முன் பாவு விரிக்க நாலு பேர் வேண்டும். பழைய பாவு முடிந்தால், தறியில் மிஞ்சியிருக்கும் அதன் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தறியில் உட்கார முடியாத வயதிலும் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் இந்த வீடுகளில் வேலை இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு விஷயம் இந்த வீடுகளில் தாமதமாகவே கண்ணில் படுகிறது. பெரியவரின் விரல் பேசிக்கொண்டே இருக்கும்போது, மனம் தடுமாறுவது யாருக்குத் தெரியும்?

'முதலாளி வீட்டுக்குப் போயிட்டு வரேன்'

ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஆரணியில் மட்டுமல்ல, காஞ்சிபுரத்திலும் திருபுவனத்திலும் இருக்கக்கூடிய வீடுதான்.

பெரியவருக்கு 74 வயது. ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். முதலில் புட்டா எண்ணிக்கை தப்பியது. 'கண்ணு மங்கிப்போச்சு' என்றார்கள். பிறகு வாங்கின கூலியை வாங்கவில்லை என்று சண்டை. 'வயசானா மறக்கத்தான் செய்யும்' என்றார்கள். பிறகு சாப்பிட்ட அரை மணி நேரத்தில், 'இந்த வீட்ல எனக்குச் சோறு போடறதில்ல' என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். 'வேணும்னே மானத்த வாங்கறாரு' என்று மருமகளின் கண் கலங்கியது.

இப்போது தினமும் சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

"இன்னா மாமா, எங்க கிளம்பிட்டீங்க?"

"முதலாளி வீட்டுக்குப் போயிட்டு பாவு வாங்கியாறேன்."

"அவரு செத்து இருபது வருஷம் ஆச்சு மாமா!"

அவர் அப்படியே நின்றுவிடுகிறார். முகம் வெளிறிப்போகிறது. அவரைப் பொறுத்தவரை அந்த மரணச் செய்தி இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. நாளைக்குச் சாயங்காலமும் அது புதிதாகவே வரும். மருமகள் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஒரே சாவுக்கு ஒரு மனிதர் தினமும் துக்கம் காக்க வேண்டியதாகிவிட்டது.

இது வயதுக்கோளாறு அல்ல, பிடிவாதமும் அல்ல. டிமென்ஷியா, தமிழில் முதுமை மறதிநோய். மூளைச் செல்கள் படிப்படியாகச் சேதமடைவதால் வருவது. அல்சைமர் அதில் மிகப் பரவலான வகை. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதின் மறதி. சாவி எதற்கு என்பதே தெரியாமல் போவது நோய். கணக்கு, திசை, பேச்சு, நாள்கிழமை, குணம் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

கணியம்பாடி சொன்ன பாடம்

இப்போது கணியம்பாடிக்குத் திரும்புவோம். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, 1909-ல் நர்சிங் பள்ளியையும் 1946-ல் நர்சிங் பட்டப் படிப்பையும் ஆரம்பித்தது. அந்த மருத்துவமனையின் சமுதாய நலப் பிரிவு பல பத்தாண்டுகளாக வேலை செய்யும் வட்டாரம் கணியம்பாடி.

உலக அளவில் '10/66' என்றொரு ஆய்வுக் குழு உண்டு. மறதிநோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாடுகளைப் பற்றி நடப்பது 10 சதவிகித ஆய்வுகூட இல்லை. இந்த ஆதங்கமே குழுவின் பெயரானது. லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா என்று பல இடங்களில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் பகுதி. இரண்டிலும் ஏறத்தாழ ஆயிரம் பெரியவர்கள்.

2008-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு யோசிக்க வைத்தது. வழக்கமான மருத்துவ அளவுகோலின்படி பார்த்தால் கிராமப்புற இந்தியாவில் மறதிநோய் வெறும் 0.3 சதவிகிதம், அதாவது ஆயிரத்தில் மூன்று பேர். கியூபாவிலோ 6.3 சதவிகிதம். நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு மறதியே வராதா என்ன? படிப்பும் பண்பாடும் முடிவைப் பாதிக்காதபடி அந்தக் குழுவே உருவாக்கிய இன்னொரு அளவுகோலை வைத்துப் பார்த்தபோது கதை மாறியது. ஆய்வு நடந்த எல்லா இடங்களிலும் 5.6 முதல் 11.7 சதவிகிதம் வரை இருந்தது. நம் கிராமமும் அந்த எல்லைக்குள்தான் வந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? வழக்கமான அளவுகோலில், 'இவரால் முன்புபோல் அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா?' என்று குடும்பத்தாரிடம் கேட்டாக வேண்டும். நம் வீடுகளில் பெரியவருக்குத் தண்ணீர் கைக்கு வரும், சோறு தட்டுக்கு வரும். வங்கிக்குப் போவது பையன், மருந்து எடுத்துக் கொடுப்பது மருமகள். எதையும் தானாகச் செய்யத் தேவையில்லாதவருக்கு, செய்ய முடியாமல் போனது எப்படித் தெரியவரும்? அன்புதான் நோயை மறைத்துவிட்டது.

இந்திய அளவில் 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று, 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கலாம் என்று கணக்கிட்டது. முதியவர்கள் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது. எனவே இது ஏதோ ஒரு தெருவின் கதை அல்ல.

நேற்று வரை நன்றாக இருந்த ஆயா

அதே தெருவில் இன்னொரு வீடு. ஆயாவுக்கு 70 வயது. நேற்று வரை பால்காரர் கணக்கைத் துல்லியமாகச் சொன்னவர். இன்று காலை மகனைப் பார்த்து, 'நீ யாருப்பா?' என்கிறார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டுகிறார். மதியம் கொஞ்சம் தெளிவு, இரவில் மறுபடி பிதற்றல். 'ஜன்னி கண்டுடுச்சு' என்கிறார் ஒருவர். 'காத்து கருப்பு' என்கிறார் இன்னொருவர். 'இவங்களுக்கும் மறதிநோய் வந்துடுச்சு போல' என்கிறது மூன்றாவது வீடு.

மூன்றுமே ஆயாவுக்குச் சிகிச்சை கிடைப்பதைத் தள்ளிப்போடும் பேச்சு. இது டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பம். மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும். கூடும், குறையும், கவனம் ஒரு இடத்தில் நிற்காது. மூளை மட்டும் தனியாகக் கெட்டுவிடவில்லை. உடம்பில் எங்கோ ஏதோ கோளாறு என்று மூளை அடிக்கும் மணி அது.

எங்கே கோளாறு? சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை திடீரென இறங்குவது, பல நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, அடக்கிவைத்த வலி, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது... இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரையோ, கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையோகூடக் காரணமாகலாம். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினாலும் வரும். வேலூர், ஆரணிப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில், 'அடிக்கடி பாத்ரூம் போகணும்' என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் கூடுதல் கவனத்துக்குரியவர்கள்.

டெலிரியத்தில் கத்துகிறவர்கள், கையை உதறுகிறவர்கள் எல்லார் கண்ணிலும் படுவார்கள். ஆபத்து அதிகம் இருப்பது இன்னொரு வகையில். சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்திருப்பார், கூப்பிட்டால் 'ம்' என்பார், சாப்பாடு இறங்காது. 'அசதியில தூங்கறாங்க' என்று வீடு நிம்மதியாக இருந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகம் வைத்திருக்கும் வழிகளில் ஒன்று, குடும்பத்தாரிடம் கேட்கும் ஒரே ஒரு கேள்வி: 'இவர் வழக்கத்தைவிட இப்போது குழப்பமாக இருக்கிறாரா?' இதற்குப் பதில் சொல்ல ஸ்கேன் தேவையில்லை. கூடவே வாழ்கிறவர் போதும். பதில் 'ஆமாம்' என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பலர் தெளிந்துவிடுவார்கள். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்றும் முக்கியம். ஏற்கெனவே மறதிநோய் உள்ளவருக்குத்தான் டெலிரியம் எளிதாக வரும். 'அவருக்கு எப்பவும் இப்படித்தான்' என்ற சமாதானம் அங்கேதான் ஏமாற்றுகிறது. மறதிநோயாளி ஒரே நாளில் மோசமானால், அது டெலிரியமாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வார்டில் ஒரு கடிகாரம்

மருத்துவமனையில் சேர்த்தாகிவிட்டது. ஊசியும் மருந்தும் டாக்டர், நர்ஸ் கையில். மற்றதில் பாதி, கட்டில் ஓரம் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் கையில்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஷாரன் இனோயே குழுவினர் 70 வயது தாண்டிய 852 நோயாளிகளைக் கவனித்து 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவிகிதம் பேருக்கு டெலிரியம் வந்தது. சில எளிய பராமரிப்புகளைச் சேர்த்தபோது அது 9.9 சதவிகிதமாகக் குறைந்தது. அந்தப் பராமரிப்புகள் என்னென்ன? இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பது. கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுவது. தண்ணீர் குடிக்க வைப்பது. முடிந்தவரை எழுப்பி நடக்க வைப்பது. தூக்கம் வர மாத்திரைக்குப் பதில் சூடான பானம், முதுகைத் தடவிவிடுதல், மெல்லிய இசை.

இதில் எதுவும் ஆரணிக்காரர்களால் முடியாதது இல்லை. சொல்லப்போனால், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கூடவே படுக்கும் நம் வழக்கம் இதற்கு வசதியாகவே இருக்கிறது. கண்ணில் படும்படி ஒரு கடிகாரம், ஒரு தினசரி காலண்டர். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், இரவில் விளக்கும் பேச்சும் குறையட்டும். பார்க்க வரும் இருபது பேர் ஒருவர் பின் ஒருவராக 'என்னைத் தெரியுதா?' என்று பரீட்சை வைக்க வேண்டாம். பழகிய ஒரு முகம் பக்கத்தில் இருந்தால் போதும்.

'டியூபைப் பிடுங்கறாங்க, கையைக் கட்டிடலாமா?' என்ற எண்ணம் வரும். கட்டினால் பயமும் போராட்டமும் அதிகமாகும், காயமும் படும். பூச்சி ஊர்கிறது என்பவரிடம் 'எங்கே பூச்சி?' என்று வாதாடவும் வேண்டாம், 'ஆமாம், நிறைய இருக்கு' என்று ஒத்து ஊதவும் வேண்டாம். 'பயமா இருக்கா ஆயா? நான் இங்கதான் இருக்கேன்' என்றால் போதும்.

குழித்தறி வீட்டில் என்ன செய்யலாம்?

டெலிரியம் தெளிந்துவிடும். மறதிநோயோடு வாழ வேண்டியது வருடக்கணக்கில். அதற்கு முன் ஒரு முறை நல்ல பரிசோதனை அவசியம். தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிநோய்போலவே வேடம் போடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

அல்சைமர் என்று உறுதியானால் அதை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. மீதியெல்லாம் பராமரிப்புதான். நெசவாளர் வீட்டுக்கு ஏற்றபடி அதைப் பார்க்கலாம்.

முதலில் குழி. தறியில் ஆள் இல்லாத நேரத்தில் குழியின் மேல் பலகை போட்டுவிட வேண்டும். கூடத்தில் அரையிருட்டு கூடாது. சாயம், அமிலம், கத்தரிக்கோல், பிளேடு எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் போகட்டும்.

அடுத்தது வேலை. 'நீங்க சும்மா உட்காருங்க' என்பது மரியாதைபோலத் தெரியும். ஆனால் ஐம்பது வருடம் உழைத்த கைக்கு அது தண்டனை. பெயரும் கிழமையும் மறந்தவருக்கும் பழகிய கைவேலை வெகுகாலம் மறப்பதில்லை. விலை உயர்ந்த பட்டைக் கொடுக்காமல் பருத்தி நூலைக் கொடுத்துத் தார் சுற்றச் சொல்லலாம். நூல் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்லலாம், துணி மடிக்கச் சொல்லலாம். சிக்கலாக்கினால் ஆகட்டும். அவர் பார்க்காதபோது பிரித்துக்கொள்ளலாம். வேலை சரியாக முடிய வேண்டும் என்பது இங்கே நோக்கமே இல்லை.

பேச்சு, எதிரில் வந்து, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். 'இட்லியா, தோசையா, பொங்கலா, எது வேணும்?' என்றால் குழம்பிவிடுவார். 'இட்லி சாப்பிடலாமா?' போதும்.

சாப்பாட்டில் ஒரு சின்ன விஷயம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு பலருக்குக் கண்ணில் சரியாகப் பிடிபடாது. பச்சை வாழையிலையில் போட்டால் பளிச்சென்று தெரியும். நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்னக் கவளமாக ஊட்ட வேண்டும். அடிக்கடி புரையேறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கழிப்பறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே அழைத்துப் போய்விட்டால் பாதிச் சங்கடம் தீரும். இரவில் அந்த வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

வெளியே போய்விடுவாரோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. சட்டைக் காலரின் உள்பக்கம் வீட்டு போன் நம்பரைத் தைத்துவிடலாம். நூலோடு பிறந்த ஊருக்கு இது பெரிய காரியமா? தெருமுனை டீக்கடை, மளிகைக் கடை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும். மறைக்கிற வீட்டுக்குத்தான் உதவி தாமதமாக வரும். ஆடி மாதப் படவேடு கூட்டத்துக்கும் திருவண்ணாமலை தீபத்துக்கும் அவரை அழைத்துப் போகாமல், சந்தடி இல்லாத ஒரு நாளில் சாமி கும்பிட வைக்கலாம்.

படுக்கையில் விழுந்துவிட்ட நிலை என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதும், வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் எந்த மருந்துக்கும் குறைந்தவை அல்ல.

கவனிப்பவரை யார் கவனிப்பது?

நெசவில் மாதச் சம்பளம் இல்லை. நெய்தால் கூலி. மாமனாரைக் குளிப்பாட்டும் ஒரு மணி நேரம், தறி நிற்கும் ஒரு மணி நேரம். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், நாலு பேர் செய்த வேலை ஒருத்தி தலையில். அந்த ஒருத்தி பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். கேரளத்தில் மறதிநோயாளிகளின் குடும்பங்களிடம் நடத்தி 2003-ல் வெளியான ஆய்விலும் இதுதான் தெரியவந்தது. கவனிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நோய் என்று தெரியாமல், வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து நொந்துபோனவர்களும் அவர்களில் உண்டு.

கோவாவில் ஒரு முயற்சி நடந்தது. டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் வீடு தேடிப் போய், இது நோய்தான் என்று விளக்கி, சமாளிக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுத்து, கேட்க ஒரு காதாகவும் இருந்தார்கள். 2008-ல் வெளியான அதன் முடிவு: கவனிப்பவர்களின் மனநலம் தேறியது.  பார்த்துக்கொள்பவருக்குத் தோள் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும், நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. வாசலுக்கு வரும் அந்தப் பணியாளரிடம், 'பெரியவருக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தடுமாறுது' என்று ஒரு வார்த்தை சொல்லலாம். முதியோருக்கான உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' 14416. இந்த இரண்டாவது எண் நோயாளிக்கு மட்டுமல்ல, நள்ளிரவில் அடுப்படியில் உட்கார்ந்து அழும் மருமகளுக்கும்தான். சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் மறதிநோய்க்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

குடும்பத்துக்குள்ளும் ஒரு கணக்கு வேண்டும். வெளியூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புவது நல்லது. அதோடு மாதத்துக்கு இரண்டு நாள் வந்து அப்பாவோடு இருந்து, மனைவியையோ அண்ணியையோ அவர்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது.

மணி ஐந்தரை

சாயங்காலம் ஆரணித் தெருக்களில் தறிச் சத்தம் மெல்லக் குறையும் நேரம். மறதிநோய் உள்ளவர்களுக்கு அந்திதான் கஷ்டமான பொழுது. வெளிச்சம் மங்கும்போது மனமும் கலங்கும்.

மீண்டும் அந்த முதல் வீடு. மருமகளுக்கு இப்போது விஷயம் தெரியும். இருட்டும் முன்பே, ஐந்தரைக்கே கூடத்து விளக்கைப் போட்டுவிட்டாள். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டாள். குழிமேல் பலகை போட்டாகிவிட்டது. பெரியவர் சட்டையைத் தேடுகிறார்.

"முதலாளி வீட்டுக்குப் போகணும்மா. பாவு வாங்கணும்."

"இன்னா கலர் பாவு மாமா?"

அவர் நிற்கிறார். யோசிக்கிறார். முகத்தில் ஒரு பிரகாசம். "அரக்கு. அரக்குல பச்சைக் கரை. உங்க அத்தைக்குக் கல்யாணத்துக்கு நெய்ஞ்சது மாதிரி."

"அந்தச் சேலையப் பத்திச் சொல்லுங்க மாமா. காபி குடிச்சிக்கிட்டே பேசலாம், வாங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். கையில் நூல்கண்டு. விரல்கள் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. கல்யாணச் சேலையின் கதை இன்று மூன்றாவது முறையாக வருகிறது. காபி ஆறுவதற்குள் நான்காவது முறையும் வரும். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.